நாலாவது வார்டின் கடைசிச் சிவப்புப் புள்ளி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டிடெக்டிவ். எனக்கு எலிகள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது.

இருபத்தாறு வருஷம் அவற்றோடு பிழைப்பு நடத்தியவன் நான். சாயங்காலம் நேரத்துக்கு எழுந்துகொள்ளும். கிடைத்ததைத் தின்னும். குடும்பத்தைப் பெருக்கும். யாரிடமும் குறை சொல்லாது. இதில் கடைசிக் குணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் என்று போகப் போக உங்களுக்கே புரியும்.

காபிக்கு நன்றி. கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை. அந்த ரெக்கார்டரை இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், எனக்குக் குரல் சன்னம்.

பெயர் லெனர்ட் பவ்லிக். வயது ஐம்பத்தெட்டு. கெல்லர் பாயின்ட் நகரசபை, எலி ஒழிப்புப் பிரிவு, நாலாவது வார்டு மேற்பார்வையாளர். கல்யாண வீட்டிலோ பார்பரிடமோ என் உத்தியோகத்தைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். ஒரு நகரத்தில் எலியை எப்படிக் குறைப்பது?

பதில் ஒரு வரி. அதற்குச் சோறு போடாதே. குப்பையைப் பையில் கட்டி நடைபாதையில் வைக்காமல் மூடி போட்ட தொட்டியில் போடு, அடிக்கடி அள்ளு, சுவரில் ஓட்டை இருந்தால் சிமென்ட் வைத்து அடை. அவ்வளவுதான். ரொம்ப எளிமையான பதில் என்பதால் இதை யாரும் மதிப்பதில்லை.

நம் நகரசபை மதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் எலி மாநாடு நடத்தினார்கள். ஹோட்டலில், நிபுணர்களை வரவழைத்து. மிச்சமான சாண்ட்விச்சுகளை நாற்பது கறுப்புப் பைகளில் கட்டிப் பின்வாசல் நடைபாதையில் வைத்தார்கள். அந்த வாரம் எலிகள் என்னைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டன. அப்புறம் மூடி போட்ட தொட்டிகள் வந்தன. குப்பை லாரியின் இரும்புக் கை அவற்றைப் பிடிக்கவில்லை, அளவு தப்பு. இப்போது ஜனங்கள் அவற்றில் தக்காளி வளர்க்கிறார்கள். தக்காளியை யார் தின்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கப்புறம்தான் கேன்டிஸ் அரூடா வந்தார். சுகாதாரத் துறைத் துணை இயக்குநர், முப்பத்துநாலு வயது. வந்த அன்றே சுவர் முழுக்க ஒரு திரையை மாட்டி அதில் நகரத்தின் வரைபடத்தை ஓடவிட்டார்.

"லென், எலியை எண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது மேடம். அது வரிசையில நிக்காது."

"அப்ப எதை எண்ணலாம்?"

"புகாரை எண்ணலாம்."

"அவ்வளவுதான். நம்மளைப் பொறுத்தவரைக்கும் புகார்தான் எலி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் டிடெக்டிவ், அதைவிடத் தெளிவான உத்தரவு என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஏற்பாடு இதுதான். யாராவது நகரசபைப் புகார் எண்ணுக்குப் போன் செய்து எலி என்று சொன்னால், அந்த முகவரியில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். நாங்கள் புகாரை முடித்துவைத்தால் புள்ளி மறையும். அக்டோபர் முடிவதற்குள் ஒவ்வொரு வார்டிலும் புள்ளிகள் பாதியாக வேண்டும் என்று மேயர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகாத வார்டின் வேலை தனியார் கம்பெனிக்குப் போய்விடும். என் குழுவில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். பதினோரு குடும்பம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் எனக்காக எதையும் செய்யவில்லை.

முதல் வழி ரொம்பச் சாதாரணமானது. இரண்டு தடவை கதவைத் தட்டியும் ஆள் இல்லையென்றால், 'உள்ளே போக முடியவில்லை' என்று எழுதிப் புகாரை முடிக்கலாம் என்பது விதி. நாலாவது வார்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே காலை பத்தரைக்குத் தட்டினோம்.

"பாஸ், இந்த நேரத்துல வீட்ல எலி மட்டும்தான் இருக்கும்," என்றான் ராய் இன்ஃபான்டே. என் குழுவில் நல்ல வேலைக்காரன், வாய்தான் சும்மா இருக்காது.

"அது கதவைத் திறந்தா பேசிப் பார்ப்போம்," என்றேன்.

ஜூன் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு எலிகள் ஒழிந்தன.

இரண்டாவது வழி, ஒரே கட்டடத்திலிருந்து எத்தனை புகார் வந்தாலும் ஒன்றாகச் சேர்ப்பது. இருபது வீட்டுக்காரர்கள் போன் செய்தாலும் ஒரு புள்ளி. ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஒழிந்தன.

மூன்றாவது வழியை நானே கண்டுபிடித்தேன். ஆள் வசிக்காத கட்டடத்துக்குப் புள்ளியே கிடையாது. ஹாலக் தெருவில் நாற்பத்துநாலு, நாற்பத்தாறு என்று இரண்டு கட்டடங்கள். வரைபடத்தில் அம்மை போட்ட மாதிரி இருக்கும். கட்டடப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். படிக்கட்டு ஆடுகிறது, ஒயர் தொங்குகிறது, அவசர வழி அடைத்திருக்கிறது. ஒன்றுகூடப் பொய் இல்லை. இரண்டு வாரத்தில் பதினெட்டுக் குடும்பங்கள் பெட்டியும் மெத்தையுமாக வெளியே வந்தன. சமையலறையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு கட்டடத்திலும் எலி பெருகி வழிந்தது. ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. வரைபடம் வெளுத்தது. அரூடா மேடம் எங்கள் குழுவுக்கு ஒரு பெட்டி டோனட் அனுப்பினார்.

அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்கிறீர்களா? ஏழாவது வார்டு என்று கேள்வி. அங்கே புள்ளிகள் ஏறின. அந்த வார்டு மேற்பார்வையாளர் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நாற்பத்தாறில் சோறு தீர்ந்ததும் எலிகள் பக்கத்துச் சுவரைக் குடைந்து நாற்பத்தெட்டாம் எண்ணுக்குக் குடிபோயின. அதன் தரைமட்டத்துக்குக் கீழே இருந்த வீட்டில்தான் வெர்னா ஸ்டால்வொர்த் இருந்தார்.

எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அந்தக் காலப் பழக்கமோ என்னவோ, நேரம் தவற மாட்டார். தினமும் காலை எட்டு பத்துக்கு ஒரு போன். விடுமுறையில்லை. எங்கள் அலுவலகத்தில் அவர் போனை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் உண்டு.

கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பார். அதுதான் அவரிடம் பிரச்சினை.

"வா லென்னி கண்ணு. உன் கையெழுத்தைக் காகிதத்துல பார்த்துப் பார்த்து முகமே மறந்துபோச்சு," என்று வரவேற்றார். சோள ரொட்டி கொடுத்தார். அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டி மேல் ஒரு செங்கல்லை வைத்திருந்தார். கதவிடுக்கில் பழைய துண்டுகளைத் திணித்திருந்தார். ஜன்னலை அட்டை வைத்து ஒட்டியிருந்தார். காற்றுகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

"பெரியவன் ஒருத்தன் வர்றான். பேரு கமிஷனர்."

"ஏன் அந்தப் பேருங்க, மிஸ் வெர்னா?"

"தினமும் வந்து ஒரு ரவுண்டு பார்த்துட்டுப் போறான். ஒரு வேலையும் செய்யறதில்ல."

நான் சிரித்தேன். பிறகு கட்டிலை நகர்த்தி, சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார்.

"கையை வை. பயப்படாதே, பகல்ல கடிக்காது. காத்து வருது பார். வெளிச் சுவர் வரைக்கும் நேர்ப் பாதை போட்டு வெச்சிருக்கான்."

கையை வைத்தேன். ஜில்லென்று காற்று வந்தது. இதை நான் மறைக்கவில்லை, டிடெக்டிவ். அந்தப் பாதை வெளியே எங்கே ஆரம்பிக்கிறது, உள்ளே எங்கே முடிகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய அவசரம் வேறு. தம்பி கிளிஃப்டன் முதியோர் இல்லத்தில் இருந்தார். சர்க்கரை வியாதி, ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். அங்கே எலி இல்லை என்று எங்கள் பிரிவு எழுதிக் கொடுத்தால்தான் இல்லத்துக்காரர்கள் அனுப்புவார்கள்.

"மிச்சம் இருக்கிற கால்ல அவனுக்கு உணர்ச்சி இல்ல கண்ணு. எலி கடிச்சாக்கூடக் காலையில ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்."

எனக்கு மனசு இளகியது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அங்கேயே, அவர் மேஜையில் வைத்தே, எலி இல்லை என்று கடிதம் எழுதி நீட்டினேன். தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார், அக்காவும் போன் செய்வதை நிறுத்திவிடுவார். இரண்டு பேருக்கும் நல்லது. இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"காகிதம் படிச்சிட்டு எலி ஓடுமா? எனக்கு இது வேணாம் ராசா. அந்த ஓட்டையை அடைச்சுக் குடு. ஒரு வாளி சிமென்ட்டு. நீயே கலந்து போட்டா நான் உனக்கு ஒரு முழு கேக் செஞ்சு தரேன்."

வெளியே நின்ற எங்கள் வண்டியில் சிமென்ட் மூட்டை இருந்தது. ஆனால் பூச்சு வேலை எங்கள் பிரிவில் வராது. அது வீட்டுக்காரர் பொறுப்பு. அடுத்தவர் வேலையில் நான் கை வைப்பதில்லை.

மறுநாள் காலை எட்டு பத்துக்குப் போன் வந்தது.

நீங்கள் கையைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஆகஸ்டிலேயே எங்கள் புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. பதினோரு பேர் வேலையும் அப்போதே பத்திரமாகிவிட்டது. கோப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முழுக்க வெளுத்த வரைபடத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கெச்சப் சொட்டின மாதிரி. அப்புறம் உங்களுக்குச் சட்டையே தெரியாது.

அரூடா மேடத்துக்கும் அதே உறுத்தல்.

"வெள்ளிக்கிழமை ஹாலக் தெருப் பூங்காவுல மேயர் பேசறார், லென். எலியே இல்லாத முதல் வார்டுன்னு அறிவிக்கப் போறார். மேப்பைப் பெரிய திரையில காட்டறோம். அந்த ஒத்தைப் புள்ளி யாரு?"

"பஸ் ஓட்டின அம்மா, மேடம்."

"என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

"ஒரு வாளி சிமென்ட்."

"அது நம்ம வேலை இல்லையே. புள்ளிதான் நம்ம வேலை. பார்த்துக்கங்க."

பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள். விவரம் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை. எட்டு பத்துப் போன் வந்து, அந்தப் புகாரை வழக்கம்போல் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ராயைத் தெருவின் அந்தக் கோடிக்கு, பழைய விஷப் பெட்டிகளைப் பொறுக்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

"தனியாவா பாஸ்? முதுகு வலின்னீங்க?"

"ஒரே ஒரு வளைதான்," என்றேன்.

எங்கள் தொழிலில் டிரை ஐஸ் என்று ஒன்று உண்டு. புகைகிற பனிக்கட்டி. எலி வளையில் அதைப் போட்டு வாயை மண்ணால் மூடிவிட்டால், அது கரைந்து வாயுவாகி உள்ளே இறங்கும். எலிகள் தூங்கும். பிறகு எழுந்திருக்காது. ரத்தமில்லை, சத்தமில்லை, விஷமில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிய வளையில் மட்டும் போடக் கூடாது என்பது விதி. குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் மாட்ட வேண்டும் என்பது இன்னொரு விதி.

நான் நோட்டீஸ் மாட்டினேன். நாற்பத்தாறாம் எண் வாசலில். அங்கே யாரும் குடியில்லை என்பது உண்மைதான். ஆனால் மாட்டினேன்.

வளை வாய் நாற்பத்தெட்டின் பின்சுவர் ஓரமாக இருந்தது. அன்றைக்கு ஐந்து வளைகளுக்கு என்று எடுத்து வந்ததை அந்த ஒன்றிலேயே போட்டேன். மண்ணைத் தள்ளி, பூட்ஸ் காலால் மிதித்து, வாயை மூடினேன். கையைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன். ஐந்து நிமிஷ தூரம்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு இன்னொரு போன் வந்தது. ஒரே நாளில் இரண்டாவது. அவர் அப்படிச் செய்ததே இல்லை. பதிவை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். நானும் அப்போதே, என் இருக்கையிலிருந்து கேட்டேன்.

"நான்தான் வெர்னா. புகார் இல்லம்மா, இன்னைக்கு அதிசயம். கட்டிலுக்குப் பின்னாடி ஓட்டையிலிருந்து வெள்ளையா பனி மாதிரி வருது. கமிஷனர் வெளியே வந்தான். நடு வீட்ல படுத்துட்டான், அசையவே மாட்டேங்கறான். லென்னி ஏதோ பண்ணியிருக்கான் போல. நல்ல பையன், அவன்கிட்ட தேங்க்ஸ் சொல்லிடு. கேக்கு பாக்கி இருக்குன்னு சொல்லு. எனக்கும் கொஞ்சம் தலை சுத்துது. சித்த நேரம் படுத்துட்டு, அப்புறம் கிளிஃப்டனுக்குப் போன் போடறேன்."

போனை எடுக்கும் பெண்ணுக்கு அவர் நன்றி சொல்கிறாரா குறை சொல்கிறாரா என்பதெல்லாம் தேவையில்லை. முகவரி ஒன்று, எலி ஒன்று. அவ்வளவுதான் பார்ப்பாள். என் கண் முன்னால், நாற்பத்தெட்டாம் எண்ணில், சிவப்புப் புள்ளி மறுபடி விழுந்தது.

ஐந்து நிமிஷ தூரம் என்று சொன்னேன் இல்லையா? அதையும் யோசித்தேன். போய்க் கதவை உடைத்து, ஜன்னல் அட்டையைக் கிழித்திருக்கலாம். ஆனால் போனால் அவர் பிழைத்துக்கொள்வார். பிழைத்தால், மறுநாள் காலை எட்டு பத்து, அதை முடித்துவைத்தாலும் இன்று போல இன்னொன்று. மேயர் பேசுவது பத்து மணிக்கு.

ஆகவே புகாரை முடித்தேன். முடிப்பதற்குக் காரணம் கேட்டுக் கணினியில் ஒரு பட்டியல் வரும். 'உள்ளே போக முடியவில்லை' என்று போடலாம், ஆனால் நான் போகவே இல்லையே, பொய்யாகிவிடும். 'எலி இல்லை' என்றும் போட முடியாது, கமிஷனர் நடு வீட்டில் கிடக்கிறான். நான் நேர்மையாக வேலை பார்த்தவன். பட்டியலில் கீழே தேடினால் சரியான காரணம் இருந்தது. 'புகார்தாரர் காலமானார்'. வயதானவர்கள் அதிகமுள்ள ஊர் என்பதால் அதையும் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினேன். ஒன்பது முப்பத்தொன்று.

வெர்னா ஸ்டால்வொர்த் இறந்து கிடந்ததை மற்றவர்கள் கண்டுபிடித்தது சனிக்கிழமை மத்தியானம்.

எலி ஒழிப்புப் பிரிவுக்கு அது இரண்டு நாள் முன்பே எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்தது. வேறு யாராவது என்றால் வயதான அம்மா தூக்கத்தில் போய்விட்டார் என்று எழுதிவிட்டு லஞ்ச்சுக்குப் போயிருப்பார்கள். ராய்தான் பாவம், என்னை விலங்கு மாட்டிக் கூட்டிவரும்போது குறுக்கே வந்து நின்றான்.

"ஏன் பாஸ், அந்த ஒரு புகாரைத் திறந்தபடியே விட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

என்ன பதில் சொல்வது? திறந்த புகாரை விட்டுவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடியாது. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நன்றாக நடந்தது. அவர் உள்ளே கிடக்க, நாற்பதடி தள்ளிப் பூங்காவில் பாண்டு வாசித்தார்கள். திரையில் நாலாவது வார்டு பால் மாதிரி வெள்ளை. மேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு அடியிலிருந்து ஒன்று, பூனைக்குட்டி அளவு, வெளியே வந்து முதல் வரிசைக் கால்களுக்கு நடுவே நிதானமாக நடந்து போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவரும் போன் செய்யவில்லை.

கிளிஃப்டனைப் பற்றி விசாரித்தேன். இன்னும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறாராம். அக்கா ஏன் போன் செய்யவில்லை என்று வியாழக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்த இல்லத்திலும் எலி உண்டு என்கிறார்கள். அது ஏழாவது வார்டு, என் எல்லையில் வராது.

எழுதிக்கொள்ளுங்கள். வெர்னா ஸ்டால்வொர்த்தைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். நடுவில் நிறுத்த முடிந்தும் நிறுத்தவில்லை. யாரும் தூண்டவில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லெனர்ட் பவ்லிக் பொறுப்பில் இருந்தபோது நாலாவது வார்டில் ஒரு எலிகூட இல்லை. இது என் அபிப்பிராயம் அல்ல, வரைபடத்தில் இருக்கிறது.

எங்கே கையெழுத்து? இங்கேயா?

மேலே பார்க்காதீர்கள். ஆமாம், எனக்கும் கேட்டது. கூரைப் பலகைக்கு மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடுகிறது. ஒன்றில்லை, இரண்டு. நான் வந்ததிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த போலீஸ் ஸ்டேஷன் எந்த வார்டு என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?

யாருக்கு டயல் செய்கிறீர்கள், டிடெக்டிவ்? இவ்வளவு நேரம் நாம் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம். தயவுசெய்து அந்தப் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.